முதலிடம் இல்லாத போட்டி

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில், மழையும் மூடுபனியும் எளிதில் விலகாத வேல்ஸ் மலைகளிலே, பிரிட்டிஷ் ராணுவத்தினர் ‘கேம்பிரியன் பட்ரோல்’ என்னும் கடும் பரீட்சை ஒன்றை நடத்துகிறார்கள். அதில் நமது கூர்க்கா வீரர்கள் தங்கப் பதக்கம் பெறும்போதெல்லாம், உலக ராணுவங்களைத் தோற்கடித்து இந்தியா முதலிடம் பிடித்துவிட்டதாகச் செய்தி பரவுவது வழக்கமாகிவிட்டது. தேசாபிமானத்தால் எழுதப்படும் இச்செய்தி உண்மைக்கு மாறானது என்பதோடு, அவ்வீரர்கள் செய்த காரியத்தின் மெய்யான பெருமையையும் மறைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம். அந்தப் போட்டியில் முதலிடம் என்று ஒன்று கிடையாது.

1976-இல் வேல்ஸைச் சேர்ந்த பகுதிநேரப் படைவீரர் சிலர் வார இறுதிப் பயிற்சியாகத் தொடங்கிய இந்த நடை, இன்று எட்டுப் பேர் கொண்ட அணிகள் ஆயுதங்களோடும் முதுகுச் சுமையோடும் 48 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்தாக வேண்டிய சோதனையாக வளர்ந்திருக்கிறது. புறப்படும் முன்பே ஒவ்வொருவருடைய மூட்டையும் பிரித்துப் பார்க்கப்படுகிறது. இருக்கவேண்டிய பொருள் குறைந்தால் மதிப்பெண்ணும் குறையும். வழியில் என்ன காத்திருக்கிறது என்பது அணித்தலைவனுக்கும் தெரியாது. குளிர்ந்த நீர்நிலையின் கரையை அடைந்து, மூட்டைகளை நீர் புகாதபடி கட்டி மிதவையாக்கிக்கொண்டு அக்கரை சேர்ந்து, நடுங்கும் விரல்களால் வரைபடத்தை விரித்து வழி கண்டு, சற்றுத் தூரம் சென்றதும் ரத்தச் சாயம் பூசிக்கொண்டு அலறிக் கிடக்கும் ஒருவனுக்கு மெய்யாகவே காயம்பட்டவனுக்குச் செய்வதுபோல் சிகிச்சை செய்து, அவனை எந்த இடத்திலிருந்து எடுத்துச் செல்லவேண்டும் என்பதை வானொலிக் கருவியில் பிழையின்றிச் சொல்லவேண்டும். தூக்கமின்றி நடந்தவனுடைய நிதானம் அங்கே நிறுக்கப்படுகிறது. நூற்றுக்கு 75 மதிப்பெண்ணை எட்டிய அணிக்குத் தங்கம். அதற்குக் கீழே வெள்ளியும் வெண்கலமும். அதற்கும் கீழே நடந்து முடித்தமைக்கு ஒரு சான்றிதழ்.

ஆகவே பத்து அணிகள் தங்கம் பெறலாம். ஓர் அணிகூடப் பெறாமலும் போகலாம். 2021-இல் 17 வெளிநாட்டு அணிகள் உட்பட 96 அணிகள் கலந்துகொண்டபோது, ஐந்தாவது கூர்க்கா ரைபிள்ஸின் நான்காவது பட்டாளம் நம் சார்பில் தங்கம் பெற்றது. பாகிஸ்தான் அணிகளும் அதே மலைகளில் பல முறை தங்கம் பெற்றிருக்கின்றன. ஒருவர் பெற்றதனால் மற்றவருடைய பதக்கம் ஒரு குன்றிமணி எடையும் குறைந்துவிடவில்லை. எல்லையில் துப்பாக்கி நீட்டி நிற்கும் இரு படைகளின் வீரர்கள், யாரும் யாரையும் தோற்கடிக்காமல், ஒரே அளவுகோலுக்கு முன் நிற்க முடிகிறது என்பதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

தேசத்தின் கௌரவத்தைப் பந்தயப் பொருளாக வைக்கும் போட்டிகள் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1963-இல் தொடங்கி நேட்டோ நாடுகளின் டாங்கிப் படைகள் குறிபார்த்துச் சுடும் திறமையில் மோதிக்கொண்ட கனடா ராணுவக் கோப்பைப் போட்டியில், 1987-ஆம் ஆண்டு பிரிட்டனின் சாலஞ்சர் டாங்கிகள் மிகவும் பின்தங்கின; பெரும் தலைகுனிவாகக் கருதப்பட்ட அந்தத் தோல்விக்குப் பின் பிரிட்டன் அதில் மீண்டும் கலந்துகொள்ளவில்லை. நான்கே ஆண்டுகளில், 1991-ஆம் ஆண்டு வளைகுடா யுத்தத்தில், அதே சாலஞ்சர்கள் எதிரியிடம் ஒரு டாங்கியையும் பறிகொடுக்காமல் திரும்பின.

இதற்கு நேர்மாறான கதை ரஷ்யாவினுடையது. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள அலாபினோ மைதானத்தில், வர்ணம் பூசிய டாங்கிகள் மேடு பள்ளங்களைத் தாண்டிப் பாய்ந்தோட, பார்வையாளர் கூட்டம் ஆரவாரிக்க, ‘டாங்கி பயத்லான்’ என்னும் பந்தயம் 2013 முதல் நடந்தது. பெரும்பாலான அணிகள் ரஷ்யா கொடுத்த டி-72 வண்டிகளையே ஓட்டின. வாகை சூடுவது வழக்கமாக ரஷ்ய அணியே. 2017-இல் நாம் கொண்டுபோன டி-90 டாங்கிகள் இயந்திரக் கோளாறால் நின்றுவிட்டபோது இங்கே எழுந்த பரிகாசம் பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் புகுந்த ரஷ்யப் படையின் வாகன வரிசைகள், எரிபொருளும் உணவும் வந்து சேராமல் கீவ் நகரை நோக்கிய சாலைகளிலே தேங்கி நின்றபோது, மைதானத்தில் பெற்ற ஜயங்களால் ஆன பயன் யாது? அந்த ஆண்டு ஆகஸ்டிலும், யுத்தம் நடந்துகொண்டிருக்கையிலேயே, அந்தக் கேளிக்கை நிறுத்தப்படவில்லை. மைதானம் வேகத்தைக் காட்டும். பின்னால் வரவேண்டிய எரிபொருள் லாரியை அது யாருக்கும் காட்டுவதில்லை.

வேல்ஸ் நடையை இவ்வளவு புகழ்ந்தபின், அந்த மண்ணைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கேம்பிரியன் பட்ரோலின் தொடக்க காலத்தில் துப்பாக்கிப் போட்டியோடு நடை நிறைவுற்ற சென்னிபிரிட்ஜ் பயிற்சி நிலம், 1940-இல் எப்பிண்ட் மலைப்பகுதியின் 54 வீடுகளிலிருந்து, வேல்ஸ் மொழி பேசிய 219 பேரை யுத்தத் தேவை என்று சொல்லி வெளியேற்றி எடுத்துக்கொள்ளப்பட்டது. யுத்தம் முடிந்தது; நிலம் திரும்பி வரவில்லை. அவர்கள் தொழுத பாபெல் ஆலயம் இன்று இடிந்த சுவர்களாக நிற்கிறது. வீரர்களின் தகுதியை அளக்கும் நிலத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் குடியானவர்கள்.

டாங்கி பயத்லானும் அடங்கிய ரஷ்யப் போட்டித் தொடரின் வேறொரு பிரிவை 2019-இல் ஜெய்சால்மரில் நாம் நடத்தி, முதலிடமும் பெற்றோம். இனி நடத்துவதானால் வேல்ஸ் முறையைக் கைக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மலை நடைக்கு வேலியிட்ட மைதானம் வேண்டியதில்லை. ஆதலால் எவரையும் ஊரைவிட்டுக் கிளப்ப வேண்டிய அவசியமும் இல்லை. குமாவுன் மலைகளிலோ சிக்கிமிலோ, ஊர்மக்களின் சம்மதத்தோடு, நேபாளம், இலங்கை, வங்கதேசம் ஆகிய அண்டை நாட்டு அணிகளை அழைத்து இதை நடத்தலாம். நம் அணிகள் தவறவிட்ட மதிப்பெண்களையும், எந்த இடத்தில் ஏன் தவறவிட்டன என்பதையும், பதக்கச் செய்தி வெளியாகும் அதே நாளில் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிடலாம்.