பட்டியலுக்கு வெளியே

விலையுயர்ந்த புதிய மருந்து ஒவ்வொன்றையும் அரசு மருத்துவமனை வாங்கியே தீரவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஒருவருக்கான மருந்துச் செலவு நூறு பேரின் நீரிழிவு மாத்திரைகளை விழுங்கிவிடுமானால், பொதுப்பணத்தைக் காப்பவர் தயங்கத்தான் வேண்டும். நாம் எதிர்ப்பது தயக்கத்தை அன்று, மௌனத்தை.

1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. இன்றியமையா மருந்துகளைப் பட்டியலிட்டு, வணிகப் பெயரைப் பாராமல் மூலப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக வாங்கித் தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளின் வழியே வழங்குகிறது. திண்டிவனம் அரசு மருத்துவமனையில் இரத்த அழுத்த மாத்திரை விலையின்றிக் கிடைப்பது இவ்வேற்பாட்டின் பயனே. அதைப் பழிப்பது நன்றிகெட்ட செயல்.

பட்டியலுக்கு வெளியே நிற்கும் மருந்தின் கதையோ வேறு. மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்குப் பயன்படும் டிராஸ்டுசுமாப் மருந்தை உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையாப் பட்டியலில் சேர்த்தது 2015-இல். இத்தகைய மருந்தை நம் மாநிலப் பட்டியலில் சேர்ப்பதா, காப்பீட்டுத் திட்டத்தில் அடக்குவதா என்பதை எவர், எந்தச் சான்றைக் கொண்டு முடிவு செய்கிறார்? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் விழுப்புரத்துத் தாய் இதை யாரிடம் கேட்பாள்? பயனற்றது என்று விலக்கப்பட்ட மருந்து வேறு. விலை கருதி விலக்கப்பட்டது வேறு. எவரும் எடுத்தே பாராதது வேறு. மூன்றுக்கும் 'இங்கு இல்லை' என்ற ஒரே விடைதானா?

விலையும் இயற்கை விதியன்று. சொராஃபெனிப் என்னும் புற்றுநோய் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ ரூ. 2,80,000 ஆயிற்று. 2012-இல் கட்டாய உரிமம் வழங்கப்பட்டதும் அது ரூ. 8,880-க்கு இறங்கிற்று! எனவே 'பணமில்லை' என்பவர், விலையைக் குறைக்க என்ன செய்தார் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

இங்கிலாந்தில் 1999 முதல் இயங்கும் நைஸ் அமைப்பு, மருந்தை ஏற்றாலும் மறுத்தாலும் காரணங்களை வெளியிடுகிறது, முறையீட்டிற்கும் இடமளிக்கிறது. நம் நாட்டிலும் 2017-இல் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டிற்கென ஓர் அமைப்பு ஏற்பட்டது. அதன் அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. பாமரருக்கு இவை புரியா என்பார் சிலர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மணிலாவின் தரத்தையும் விலையையும் எதிர்நின்று வாதிடும் உழவருக்கா புரியாது?

பட்டியல் திருத்தப்படும்போதெல்லாம் ஆராயப்பட்டவை எவை, தள்ளப்பட்டவை எவை, ஏன், மறுபடி எப்போது ஆராயப்படும் என்பனவற்றைத் தமிழில் அச்சிட்டு, மருந்து வழங்கும் சாளரத்தின் அருகே ஒட்டவேண்டும். தள்ளப்பட்டதை எதிர்த்து நோயாளியும் அவருடைய மருத்துவரும் முறையிட, நாள் வரையறையுடன் ஒரு வழி வேண்டும். வரும் கிராம சபைகளில் இதைத் தீர்மானமாக்கி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவோம்.