வெறுங்கையோடு ஒரு நடை

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்குப் பினாங்கில் மூன்று மொழியிலும் புத்திமதி கிடைக்கும். பக்கத்து வீட்டு மக்சிக், பிள்ளை பெற்றவளுக்குச் சொல்வதைப் போலவே பந்தாங் என்னும் பத்தியம் இருக்கச் சொல்வார். வயிற்றைச் சுற்றிப் பெங்குங் துணி கட்டிவிடவும் தயாராக இருப்பார். எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி, தலைக்குக் குளிக்காதே, காற்றுப் பட விடாதே என்பார். நம் பெரியம்மாக்களோ பூண்டும் மிளகும் தட்டிப்போட்ட குழம்போடு வந்து, "தையல் பிரிஞ்சிடும்டி, கட்டில விட்டு இறங்காத" என்று மிரட்டிவிட்டுப் போவார்கள். மூவர் வீட்டிலிருந்தும் வந்து சேரும் ஒரே பொருள் ஹருவான் மீன், நம் ஊர் விரால். அறுவை சிகிச்சை நடந்த வீட்டில் அந்த மீன் சூப் கொதிக்காமல் இருக்காது. புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும், மீனில் அது இருக்கிறது. நானும் குடித்தேன். அன்போடு கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிக் குடியுங்கள்.

ஆனால் படுத்தே கிட என்று சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி பெரிது. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். மறுநாள் காலையில் மிஸ்ஸி வந்து திரையை விலக்கி, "அக்கா, எழும்பலாமா?" என்றார். எழும்புவதற்கே ஒரு முறை இருக்கிறது. மல்லாந்தபடியே எழுந்து உட்காரப் பார்த்தால் வயிற்றுத் தசை மொத்தமும் சுண்டி இழுக்கும். முழங்காலை மடக்க வேண்டும், அப்படியே ஒருக்களித்துத் திரும்ப வேண்டும், கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும். நின்றதும் தலை கிறுகிறுக்கும். கட்டில் கம்பியைப் பிடித்தபடி சற்று நின்ற பிறகுதான் அடியெடுத்து வைக்கலாம். பயத்தில் உடம்பு தானாகவே கூன் போடும். "நிமிர்ந்து நடங்கக்கா, தையலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டே கூட வந்தார் அந்தப் பெண். கழிவறை வரைக்கும் போய்த் திரும்பியதுதான் என் முதல் நடை.

அடுத்த கட்டிலில் இருந்தவருக்குச் சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாகச் செய்திருந்தார்கள். அவருக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. மாரடைப்போ என்று நடுங்கிப் போனார். அந்த முறையில் வயிற்றுக்குள் கரியமிலவாயுவை நிரப்பித்தான் வேலை செய்கிறார்கள். மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்தும்; அதற்கும் தோளுக்கும் நரம்பு வழியே தொடர்பு உண்டு என்பதால் வலி தோளில் தெரிகிறது. ஓரிரு நாளில் வாயு கரைந்துவிடும், எழுந்து நடமாடினால் சுகம் தெரியும். இதை முன்கூட்டியே யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அந்த இரவு அத்தனை அழுதிருக்க மாட்டார்.

பெரியம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் டாக்டர்களே இப்படித்தான் வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். 1899இல் சிகாகோவின் பெண்நோய் மருத்துவர் எமில் ரீஸ், வயிற்று அறுவை முடிந்த பெண்களைச் சில நாளிலேயே எழுப்பி நடமாட விட்டதாகவும் அவர்கள் சீக்கிரம் தேறியதாகவும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. டெட்ராய்ட் நகரின் டேனியல் லெய்தாசர் 1940களில் அதையே மீண்டும் வலியுறுத்தினார். இரண்டாம் உலகப் போரில் கட்டில் பற்றாக்குறை வந்து நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்ப வேண்டிய கட்டாயம் ஏற்பட்டபோதுதான் மருத்துவ உலகம் மனம் மாறியது. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் வகுத்த முறையில், அறுவைக்குப் பிறகு சீக்கிரம் சாப்பிடுவதும் சீக்கிரம் நடப்பதும் சிகிச்சையின் பகுதியாகவே ஆகிவிட்டன.

காரணம் எளிது. கெண்டைக்கால் தசை அசையாவிட்டால் காலில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்த இரத்தக்கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி முழுதாக விரியாது, சளி கட்டும், காய்ச்சல் வரும். குடலும் மந்தமாகிவிடும். காலையில் வார்டைச் சுற்றி வரும் டாக்டர், "காற்றுப் பிரிஞ்சுதா?" என்று கேட்பது அதனால்தான். வயிற்றை அடுக்கடுக்காகத் தைத்திருக்கிறார்கள். சமதரையில் மெல்ல நடப்பதால் அந்தத் தையல் பிரிவதில்லை. பளு தூக்குவது, மலம் கழிக்க முக்குவது, விடாத இருமல், இவைதான் அதைச் சோதிக்கின்றன.

மருத்துவமனையில் இது எல்லாருக்கும் புரிகிறது. சிக்கல் வீட்டில்தான். "கொஞ்சம் நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொன்னால், "வீட்டுக்குள்ளேயே நடந்துக்கிட்டுதானே இருக்கே" என்று பதில் வருகிறது. அந்தப் பதில் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. அடுப்படிக்கும் குளியலறைக்கும் இடையே அலைவதை நடையாகக் கணக்கெழுதிவிடுகிறார்கள். அந்த அலைச்சலில் ஒவ்வொரு முறையும் கையில் ஏதாவது இருக்கிறது. ஈரப் போர்வை நிறைந்த வாளி, தண்ணீர் ஊற்றிய பெரிய சட்டி, பத்து கிலோ அரிசிப் பை. குனிவது, தூக்குவது, திருகிப் பிழிவது எல்லாமே அடிவயிற்றில்தான் வந்து விழுகிறது. வயிற்றைக் கீறிச் செய்த அறுவை என்றால் பொதுவாக ஆறு வாரமாவது பளு கூடாது. உள்ளே ஆறுவதை வெளித் தழும்பைப் பார்த்து மதிப்பிடவும் முடியாது. தழும்பு காய்ந்துவிட்டது என்று துணி துவைக்கப் போன பெண்கள் மறுபடி இரத்தப்போக்கோடு வார்டுக்குத் திரும்புகிறார்கள்.

பெண்ணுக்கு வேலையிலிருந்து விடுதலை தராத ஊரில் இது எங்கே போய் முடியும் என்பதற்கு மராட்டியத்தின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கே கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானோர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019இல் பெரும் செய்தியானது. மாநில அரசு அமைத்த குழு 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை விசாரித்ததில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள் என்று தெரிந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் முகவரிடம் அபராதம். மாதவிலக்கு அங்கே கூலியை வெட்டும் விஷயம். அறுவைக்குப் பிறகு அவர்கள் திரும்பியதும் அதே கரும்புக் காட்டுக்குத்தான், தலையில் கட்டுக் கட்டாய்க் கரும்பைச் சுமக்கத்தான்.

நம் மலேசியாவில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்குச் சட்டம் துணை இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும் நிலைக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 தொடக்கத்திலிருந்து சாதாரண மருத்துவ விடுப்பு (எம்சி) நாள்களை அந்த 60இல் கழிப்பதில்லை. தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை செய்யும் நம் பெண்களில் பலருக்கு இது தெரியாது. கேட்டு வாங்குங்கள். வீட்டு வேலைக்கு எந்தச் சட்டமும் எம்சி கொடுப்பதில்லை. அதை வீட்டில் இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

சரி, ஜார்ஜ்டவுனில் எங்கே நடப்பது? முதல் வாரத்தில் வீட்டுக்குள்ளும் வாசலிலும் போதும்: ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு நாளில் சில தடவை. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நீண்ட தாழ்வாரம் ஒரு வரம். மழையானாலும் நடக்கலாம், களைத்தால் கதவு பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு மெல்ல மெல்லக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு மூன்று வாரத்தில் அரைமணி நேரம் நடக்கிறவர்கள் பலர் உண்டு, முடியாதவர்களும் உண்டு. அடுத்த தெருக்காரியோடு போட்டி வேண்டாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நடந்த அன்று மாலையோ மறுநாளோ வலியும் இரத்தக்கசிவும் கூடினால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் இங்கே பெரிய எதிரி. 1982இல் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து நமக்கு ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது, ஒன்பதுக்குள் சுட ஆரம்பித்துவிடுகிறது. இடைப்பட்ட அந்த நேரத்துக்குப் பாடாங் கோத்தா கடலோரம் நல்ல இடம். சமதரை, கடல் காற்று, நினைத்தபோது உட்கார இடம். தெரிந்த முகம் ஒன்றாவது எதிரே வரும். 1884இல் உருவான தாவரவியல் பூங்கா நிழலுக்குப் பேர்போனது, ஆனால் மேடும் பள்ளமும் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்கு பிடுங்க வரும், அந்தத் திடீர் இழுப்பு ஆறாத வயிற்றுக்கு ஆகாது. தெம்பு வந்த பிறகு அங்கே போங்கள். நல்லபடியாக முடிந்தால் தண்ணீர்மலையானுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் இருப்பீர்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் நிறைகுடத்தோடு ஏறுவதற்கு அடுத்த தைப்பூசம் வரை முருகன் பொறுத்துக்கொள்வான்.

இந்த நகரத்திலேயே நடப்பதற்கென்று கட்டப்பட்ட இடம் அஞ்சடிதான். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த திட்டத்தில், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் கூரை போட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் இங்கேயும் பரவியது. வெயிலும் மழையும் படாமல் தெருக்கோடி வரை போகலாம் என்பதுதான் அதன் நோக்கம். இன்று அதில் நான்கு கடை தூரம் நடந்து பாருங்கள். ஒரு கடைக்கு முன்னே மோட்டார் சைக்கிள், அடுத்ததில் பெட்டிகள், அதற்கடுத்துத் தரை ஒரு முழம் உயர்ந்திருக்கும். ஒவ்வொரு தடையிலும் சாலையில் இறங்கிக் காருக்கு ஒதுங்கி மறுபடி ஏற வேண்டும். நல்ல உடம்புக்கு இது பொருட்டே இல்லை. புதுத் தையலோடு போகிறவருக்கு ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் அடிவயிற்றில் சுருக்கென்று தெரியும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இந்தக் கட்டடங்களைப் படமெடுக்க உலகமே வருகிறது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி தடங்கல் இல்லாமல் நடந்துபோக முடியவில்லை. கடைக்காரர்களே, அந்த ஐந்தடியைத் தயவுசெய்து காலியாக விடுங்கள்.

எப்போது நடையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ தாமதிக்கவே கூடாது. பேடு நனைகிற அளவு இரத்தம், காய்ச்சல், தழும்பில் சீழ், சிறுநீர் எரிச்சல் அல்லது தானாகக் கசிவது, இவற்றையும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மற்றபடி, உங்களுக்கு அறுவை செய்த டாக்டர் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதுவே முதல் வார்த்தை.

இதைப் படிக்கும் கணவர்களிடமும் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர் நடக்கட்டும், வெறுங்கையோடு நடக்கட்டும். முதல் சில நாள் யாராவது ஒருவர் கூடப் போங்கள், தண்ணீர்ப் போத்தலை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது சோறு வெந்திருக்கட்டும், துணி காய்ந்திருக்கட்டும். மறுபரிசோதனையில் டாக்டர் சரி என்று சொல்லும்வரை அரிசிப் பையை வீட்டில் வேறு யாராவது தூக்குங்கள்.