பக்கத்துல போற டிரெய்லர்ல எத்தனை டன் இருக்கு? பைக்ல போறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு!

அம்பத்தூர் எஸ்டேட்ல வேலையா? ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீடா? அப்போ தினமும் கன்டெய்னர் டிரெய்லர்களோடதான் உங்க பயணம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் நடுவுல ஓடுற வண்டிகள் சென்னை பைபாஸையும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையையும்தான் நம்பியிருக்கு.

2 இன்ச் கம்பி

முன்னால இழுக்கிற வண்டியில இருக்கிற வட்டமான இரும்புத் தட்டுக்குப் பேர் 'ஃபிஃப்த் வீல்'. டிரெய்லருக்கு அடியில இருக்கிற 'கிங் பின்' இதுல வந்து லாக் ஆகும். சாதாரண டிரெய்லர்கள்ல அந்தப் பின்னோட தடிமன் 2 இன்ச்தான்! ஒரு 40 அடி கன்டெய்னர் சரக்கோட சேர்த்து 30 டன்னுக்கு மேலயும் இருக்கலாம். அதை இழுக்கிறதே இந்தப் பிடிதான்.

49 டன் 55 ஆன கதை

2018 ஜூலையில மத்திய அரசு லாரிகளுக்கான எடை வரம்பை உயர்த்தியது. வண்டியும் சரக்கும் சேர்ந்த அதிகபட்ச எடை 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. நாலு டயர் உள்ள ஓர் அச்சுக்கு 10.2 டன்னா இருந்த வரம்பு 11.5 டன் ஆனது. மொத்த எடை சரியா இருந்தா போதாது, ஒவ்வொரு அச்சு மேலயும் எவ்வளவு இறங்குதுங்கிறதும் முக்கியம். ஆவடியில தயாராகும் அர்ஜுன் மார்க் 1ஏ டாங்க் மட்டுமே சுமார் 68 டன். அதனாலதான் அதை நிறைய அச்சுகள் உள்ள தனி டிரெய்லர்ல ஏத்துறாங்க.

கூடுதல் லோடு என்ன செய்யும்?

எடை கூடினா பிரேக் சூடாகி பிடிப்பு குறையும், வண்டி நிக்கிற தூரம் நீளும். வேகம் 40-லிருந்து 60 ஆனாலே பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 2.25 மடங்கு. சறுக்கினா டிரெய்லர் பக்கவாட்டுல மடங்கி மொத்த ரோட்டையும் அடைச்சிடும். நசரத்பேட்டை மாதிரி எந்நேரமும் டிராஃபிக் இருக்கிற இடத்துல அப்படி நடந்தா யோசிச்சுப் பாருங்க.

அபராதம் யாருக்கு?

2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 5 டன் கூடினா 30,000! கூடுதல் சரக்கை இறக்கினாதான் வண்டி நகரலாம். ஓட்டுறவர் மட்டுமில்ல, 'ஓட்ட வைக்கிறவரும் அனுமதிக்கிறவரும்' குற்றவாளினு சட்டத்திலேயே இருக்கு. ஆனா ரோட்டுல கைக்குச் சிக்குறது டிரைவர்தான்.

கப்பல்ல ஏத்துற கன்டெய்னருக்கு 2016 ஜூலை முதல், சரக்கு அனுப்புறவரே சரிபார்த்த எடையைக் கொடுத்தாகணும். கப்பலுக்குக் கொடுக்கிற அந்தக் கணக்கு, லோடு ஏத்துற இடத்துலயே டிரைவர் கைக்கும் வரணும். எடை மேடை ரசீதைப் பார்த்து, 'இது அதிகம், எடுக்க மாட்டேன்'னு அவர் சொன்னா வேலை போகக் கூடாது. பாதுகாப்பு அங்கேதான் ஆரம்பிக்குது.

நீங்க செய்ய வேண்டியது

* டிரெய்லர் இடதுபக்கம் திரும்பும்போது உள்ளே நுழையாதீங்க. பின்சக்கரங்கள் உள்பக்கமா ஒதுங்கித்தான் வரும்.
* அவரோட கண்ணாடி உங்களுக்குத் தெரியலைன்னா, அவருக்கு உங்களைத் தெரியாது.
* முந்தின உடனே குறுக்கே புகுந்து பிரேக் போடாதீங்க. நீங்க நிக்கிற தூரத்துல அவரால நிக்க முடியாது.