ஒரு ஸ்பேஸ் விட்டது குற்றமா? ‘பில்டு ஃபெயில்டு’ சொல்லாமல் விடும் காரணம்

நெய்வேலி டவுன்ஷிப். இரவு பதினோரு மணி. குவார்ட்டர்ஸ் வீட்டு ஹாலில் ஒரு கல்லூரி மாணவர் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் எஸ். கார்த்திக். அப்பா சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட். நாளை காலை புராஜெக்ட் டெமோ. நண்பனின் லேப்டாப்பில் ஓடிய அதே கோடு, அதே வெர்ஷன். இவருடைய லேப்டாப்பில் மட்டும் ‘பில்டு ஃபெயில்டு’. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நடுவில் ஒரு வரி: ‘சி:\யூசர்ஸ்\எஸ்’ என்பது எனக்குத் தெரிந்த கட்டளை அல்ல.

அப்படி ஒரு கட்டளையை அவர் கொடுக்கவே இல்லையே!

உண்மைதான், கொடுக்கவில்லை. லேப்டாப் வாங்கிய அன்று விண்டோஸ் பெயர் கேட்டது. சான்றிதழில் இருப்பதுபோல இனிஷியல், ஒரு ஸ்பேஸ், பிறகு பெயர் என்று டைப் செய்தார். அந்தப் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவானது. இன்றைக்கு ஏதோ ஒரு பில்டு டூல் அந்த ஃபோல்டர் பெயரைப் படிக்கும்போது, ‘எஸ்’ வந்ததும் ‘பெயர் முடிந்தது’ என்று நினைத்து நின்றுவிட்டது. ‘கார்த்திக்’ வேறு யாரோ!

இந்த மாணவர் கற்பனை. சிக்கல் கற்பனை அல்ல. கோடிங் கற்றுக்கொள்பவர்களில் பலர் இதை ஒருமுறையாவது சந்தித்திருப்பார்கள். அதைவிட மோசம், காரணம் இதுதான் என்று தெரியாமலேயே ‘நமக்கு இது செட் ஆகாது’ என்று லேப்டாப்பை மூடியவர்களும் இருப்பார்கள்.

பில்டு டூல்னா என்ன?

நெய்வேலிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வீட்டில் ஸ்விட்சைப் போட்டதும் லைட் எரிகிறது. அதற்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை முதலில் பம்ப் வைத்து இறைக்க வேண்டும். மேல்மண்ணை ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள் வெட்டி எடுக்க வேண்டும். அப்புறம்தான் நிலக்கரி. அது கன்வேயர் பெல்ட்டில் பங்கருக்குப் போய், அங்கிருந்து பாய்லர், நீராவி, டர்பைன், மின்சாரம். 1957-ல் இங்கே சுரங்கப் பணி தொடங்கியது. நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல். மின் உற்பத்தி தொடங்கியது 1962-ல். வரிசையில் ஒரு படியைக்கூடத் தாண்டிப் போக முடியாது.

மென்பொருளும் அப்படித்தான். நீங்கள் எழுதுகிற கோடு மண்ணுக்கடியில் இருக்கும் நிலக்கரி மாதிரி. அதை அப்படியே போனில் ஓட்ட முடியாது. பல ஃபைல்களை மொழிபெயர்த்து, இணைத்து, கடைசியில் ஒரு ஆப் ஆக்க வேண்டும். எது முதலில், எது அடுத்து, எதற்கு எது தேவை என்பதைக் கவனித்து இந்த வேலையைச் செய்து தருவதுதான் பில்டு டூல். பங்கரில் ஏற்கெனவே நிலக்கரி இருந்தால், பாய்லரை ஓட்ட அந்த நிமிஷமே புதிதாக வெட்ட வேண்டியதில்லை. அதேபோல, மாறாத ஃபைலை நல்ல பில்டு டூல் மறுபடி தொடாது. மாறியதை மட்டும் புதுப்பிக்கும்.

இந்த வகைக் கருவிகளுக்கு முன்னோடி ‘மேக்’. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976-ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதியது. அதற்காக 2003-ல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருதும் பெற்றார். சுமார் ஐம்பது வருடப் பழைய கருவி. இன்றும் பல பெரிய மென்பொருள்கள் மேக்கை நம்பித்தான் இருக்கின்றன. லினக்ஸின் கெர்னல் உட்பட.

பலகையா, பல கையா?

பள்ளியில் ‘பொதுமொழி’ படித்தது நினைவிருக்கிறதா? ‘பலகை’ என்று சேர்த்துப் படித்தால் மரப்பலகை. ‘பல கை’ என்று பிரித்தால் நிறைய கைகள். எழுத்து அதேதான். எங்கே வெட்டுகிறோம் என்பதில் பொருள் மாறிவிடுகிறது. ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. எங்கே பிரிப்பது என்பதைப் படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். மனிதர்களால் சூழலை வைத்து அதைச் செய்ய முடியும்.

கம்ப்யூட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. யுனிக்ஸ் வழி வந்த கட்டளைத் திரைகளில் விதி ஒன்றுதான்: ஸ்பேஸ் வந்தால் சொல் முடிந்தது. ஒரு ஃபோல்டரில் ‘மதிப்பெண்’, ‘பட்டியல்’, ‘மதிப்பெண் பட்டியல்’ என்று மூன்று ஃபைல்கள் இருக்கின்றன. மூன்றாவதை நீக்க நினைத்து, மேற்கோள் குறி போடாமல் ‘மதிப்பெண் பட்டியலை அழி’ என்று கட்டளை கொடுத்தால் என்ன நடக்கும்? முதல் இரண்டும் காலி. நீங்கள் அழிக்க நினைத்தது மட்டும் பத்திரமாக இருக்கும்!

பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் இங்கே தப்பிக்கலாம். மேக்கில் அந்த வசதியும் இல்லை. அங்கே ‘எதற்கு எது தேவை’ என்ற பட்டியலே ஸ்பேஸால் பிரிக்கப்படுகிறது. மேற்கோள் குறி போட்டால் அதையும் பெயரில் ஒரு எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். பேக்ஸ்லாஷ் போட்டால் சில இடங்களில் வேலை செய்யும், சில இடங்களில் செய்யாது.

அப்போ ஏன் சரிசெய்யலை?

மேக்கிலேயே இதற்கு ஒரு பிரபலமான முன்கதை உண்டு. மேக் ஃபைலில் கட்டளை வரிகள் ‘டேப்’ எழுத்தில்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் போட்டால் ஒத்துக்கொள்ளாது. இது தொந்தரவு என்று ஃபெல்ட்மேனுக்கே சீக்கிரம் புரிந்துவிட்டது. அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்காக விட்டது, பிறகு வந்த லட்சக்கணக்கானவர்களின் தலையில் விழுந்தது.

ஸ்பேஸ் கதையும் இதே ரகம். 1970-களில் ஃபைல் பெயரில் ஸ்பேஸ் விடுவது அபூர்வம். பெயர் வைத்தவர்களும் புரோகிராமர்கள், பயன்படுத்தியவர்களும் புரோகிராமர்கள். 1995-ல் விண்டோஸ் 95 வந்தது. நீளமான பெயர், நடுவில் ஸ்பேஸ், எல்லாம் சகஜமானது. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’, ‘மை டாக்குமென்ட்ஸ்’ என்று விண்டோஸே ஸ்பேஸோடு பெயர் வைத்தது. பழைய டூல்களின் விதி மாறவில்லை. மாற்றினால், உலகம் முழுக்க ஏற்கெனவே எழுதிவைத்த பில்டு ஃபைல்கள் உடைந்துபோகும்.

பில்டு மட்டும்தான் நின்றுபோகுமா?

இல்லை. 2001 நவம்பரில் ஆப்பிள் ஐடியூன்ஸ் 2 வெளியிட்டது. பழைய ஐடியூன்ஸை நீக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டிய இன்ஸ்டாலரில், டிரைவ் பெயரைச் சுற்றி மேற்கோள் குறி இல்லை. டிரைவ் பெயரில் ஸ்பேஸ் இருந்த சில மேக் கம்ப்யூட்டர்களில், பழைய ஐடியூன்ஸுக்குப் பதிலாக டிரைவில் இருந்த ஃபைல்களே அழிந்தன. ஆப்பிள் அவசரமாக அதைத் திரும்பப் பெற்று 2.0.1 பதிப்பை வெளியிட்டது.

2011-ல் லினக்ஸ் உலகில் ‘பம்பிள்பீ’ என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளின் இன்ஸ்டாலரில் தவறுதலாக ஒரே ஒரு ஸ்பேஸ் நுழைந்துவிட்டது. ‘யுஎஸ்ஆர்’ ஃபோல்டருக்குள் ஆழத்தில் இருந்த எதையோ அழிக்க வேண்டிய கட்டளை, அந்த ஸ்பேஸால் இரண்டாகப் பிரிந்து ‘யுஎஸ்ஆர்’ ஃபோல்டரையே அழித்தது. லினக்ஸில் பெரும்பாலான மென்பொருள்கள் குடியிருப்பதே அங்கேதான்.

பாதுகாப்புக் கோணமும் உண்டு. விண்டோஸில் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸின் முகவரியை மேற்கோள் குறி இல்லாமல் எழுதிவைத்தால், ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் போவதற்கு முன் ‘சி:\புரோகிராம்’ என்ற பெயரில் ஓடக்கூடிய ஃபைல் இருக்கிறதா என்று விண்டோஸ் தேடும். அந்த இடத்தில் யாராவது ஒரு ஃபைலைப் போட்டுவைக்க முடிந்தால், சர்வீஸுக்கு இருக்கும் அதிகாரம் முழுக்க அதற்குக் கிடைக்கும்.

நம்ம பெயருக்கு மட்டும் ஏன் ரெட்டைச் சிக்கல்?

தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. இனிஷியலும் பெயரும்தான். அதாவது, நம் பெயரிலேயே ஒரு ஸ்பேஸ் குடியிருக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் பலருக்கு முதல் கம்ப்யூட்டரே வீட்டுக்கு வந்தது. முதல் நாள் எல்லோரும் செய்வது சொந்தப் பெயரை டைப் செய்வதுதான். அது பின்னாளில் பில்டை உடைக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சரி, ஸ்பேஸ் இல்லாமல் தமிழிலேயே பெயர் வைத்தால்? விண்டோஸில் ஆண்ட்ராய்டு புராஜெக்ட் வைத்திருக்கும் ஃபோல்டரின் பாதையில் தமிழ் எழுத்து இருந்தால், ‘ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் இருக்கின்றன, பில்டு பெரும்பாலும் தோற்கும்’ என்று சொல்லி டூல் நின்றுவிடும். பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு ஆணை போட்டது. அந்தப் பெயரைப் பில்டு டூல் ஏற்க மறுக்கிறது. இதில் தப்பு பெயரிலா, டூலிலா?

இன்றைக்கு என்ன செய்யலாம்?

• புராஜெக்ட்டை ‘டெஸ்க்டாப்’பிலோ ‘டாக்குமென்ட்ஸ்’ உள்ளேயோ வைக்காதீர்கள். அவை உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன. ‘சி:\வொர்க்’ போல, ஆங்கில எழுத்தில், ஸ்பேஸ் இல்லாத தனி ஃபோல்டர் போடுங்கள்.

• ஆபீஸ் லேப்டாப்பில் ஒன்டிரைவ் ஃபோல்டரின் பெயரில் பெரும்பாலும் நிறுவனப் பெயரும் ஸ்பேஸும் சேர்ந்தே இருக்கும். கோடு அங்கே வேண்டாம்.

• ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எஸ்டிகே-வை இயல்பாக உங்கள் யூசர் ஃபோல்டருக்குள்தான் வைக்கும். ஸ்பேஸ் இருந்தால் எச்சரிக்கவும் செய்யும். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிவிடாமல் இடத்தை மாற்றுங்கள்.

• செட்டிங்ஸில் யூசர் பெயரை மாற்றினால் ஃபோல்டர் பெயர் மாறாது. அதற்காக மெனக்கெட வேண்டாம்.

• பெயரைப் பிரிக்க வேண்டுமானால் ஹைஃபன் அல்லது அண்டர்ஸ்கோர் போடுங்கள்.

• எரர் செய்தியில் உங்கள் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறதா? முதல் சந்தேகம் ஸ்பேஸ் மேல் இருக்கட்டும்.

மாற வேண்டியது யார்?

‘ஃபோல்டர் பெயரில் ஸ்பேஸ் விடாதேன்னு ஒரு வரி சொன்னா முடிஞ்சுதே, இதுக்கு ஒரு தலையங்கமா?’ என்று சீனியர்கள் கேட்கலாம். அந்த ஒரு வரி முதலுதவி. மேலே நாமும் அதைத்தான் சொன்னோம். ஆனால், முதலுதவியையே வைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வரி தெரிந்தவருக்குச் சிக்கலே இல்லை. தெரியாதவர்தான் மாட்டுகிறார். வீட்டில் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் படிப்பவர், கேட்க ஒரு சீனியர் இல்லாதவர், இரவு பதினோரு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவர். ஐம்பது வருடப் பழைய ஒரு முடிவின் விலையை அவர்தான் கட்டுகிறார்.

டூல் எழுதுபவர்கள் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஷெல் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு மாறியையும் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். போடாமல் விட்டதை ‘ஷெல்செக்’ என்ற இலவச டூல் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றை அழைக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே வரியாக ஒட்டாமல், தனித்தனிப் பட்டியலாக அனுப்ப வேண்டும். புதிய டூல்களான நிஞ்சா, கிரேடில் போன்றவை ஸ்பேஸைச் சமாளிக்கின்றன. ஆனால், சங்கிலியில் ஒரே ஒரு பழைய ஸ்கிரிப்ட் இருந்தாலும் மொத்தமும் அங்கே நிற்கும். ஒரு கன்வேயர் பெல்ட் அறுந்தால் போதும், பங்கருக்கு நிலக்கரி போகாது.

கையாள முடியாத டூல், அதையாவது நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘ஆட்டோமேக்’ உருவாக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் ஸ்பேஸ் உள்ள ஃபோல்டரைக் கண்டால், ‘இந்த ஃபோல்டர் பெயர் பாதுகாப்பானது அல்ல’ என்று தொடக்கத்திலேயே சொல்லி நின்றுவிடும். ஐம்பது வரி சிவப்பு எழுத்தைவிட அந்த ஒரு வரி எவ்வளவோ மேல்.

கல்லூரி லேப்களும் ஐடி நிறுவனங்களும் இன்றே ஒரு வழக்கத்தைத் தொடங்கலாம். எந்த மென்பொருளையும் வெளியிடுவதற்கு முன், ‘எஸ் கார்த்திக்’ என்று ஒரு ஃபோல்டர், ‘கார்த்திக்’ என்று தமிழில் இன்னொரு ஃபோல்டர் போட்டு, இரண்டுக்குள்ளும் ஒருமுறை பில்டு செய்து பாருங்கள். தானியங்கிச் சோதனையில் சேர்த்தால் சில வரி வேலைதான். உலகத்துக்கே மென்பொருள் எழுதித் தரும் ஊர் நம்முடையது. நம் பெயர் உள்ள ஃபோல்டரில் அது ஓடுகிறதா என்று நாமே பார்க்காவிட்டால், வேறு யார் பார்ப்பார்கள்?

அதுவரை, இரவு பதினோரு மணிக்குச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கார்த்திக்குகளுக்கு ஒரு வார்த்தை: ஃபோல்டரை ‘சி:\வொர்க்’குக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். உங்கள் கோடில் ஒருவேளை தப்பு இருக்கலாம். உங்கள் பெயரில் இல்லை.