வேதாகமக் கதையும் பாலர் உள்ளமும்

கதை கேளாது வளரும் பிள்ளை இல்லை. உறங்கப் போகுமுன் ஆச்சியின் மடியிலே தலைவைத்துக் கேட்ட கதை, பள்ளியிலே படித்த பாடங்கள் மறந்த பின்னரும் மனத்தை விட்டு அகல்வதில்லை. ஆதலின் பிள்ளைக்குச் சொல்லும் கதை எதுவாயினும் அதனைத் தெரிந்தெடுத்தே சொல்லல் வேண்டும். வீட்டிலும் ஓய்வுநாட் பாடசாலையிலும் சொல்லப்படும் வேதாகமக் கதைகளுக்கு இவ்விதி இருமடங்கு பொருந்தும். மற்றைக் கதைகள் உலகம் எத்தகையது என்று காட்டுவன. இக்கதைகளோ கடவுள் எத்தகையவர் என்னும் எண்ணத்தைப் பிள்ளையின் நெஞ்சில் முதன்முதலாக வரைவன. முதலில் வரைந்த சித்திரம் கோணலாயின் பின்னர் அதனைத் திருத்துதல் எளிதன்று.

வேதாகமம் தனியொரு நூலன்று. அது ஒரு நூல்நிலையம். புரட்டஸ்தாந்தர் அதில் 66 ஆகமங்களையும் கத்தோலிக்கர் 73 ஆகமங்களையும் எண்ணுவர். அவற்றுள் ஒன்றேனும் பாலருக்கென எழுதப்பட்டதன்று. அன்பும் இரக்கமும் நிறைந்த கதைகளோடு கொலையும் வஞ்சனையும் போரும் அதில் உள. இவற்றை ஒளித்து வைத்தல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. எதை எந்த வயதிற் சொல்வது என்பதே கேள்வி. பல் முளையாத குழந்தைக்கு முறுக்குக் கொடுப்பாருண்டோ?

நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பாலருக்குச் சிறு கதைகளே ஏற்றன. நாணற் பெட்டியிலே விடப்பட்ட குழந்தை மோசேயும், தூர நின்று காவல் பார்த்த தமக்கையும். இரவிலே தன் பெயர் கேட்டு, ஏலி அழைத்தார் என்றெண்ணி மும்முறை எழுந்தோடிய சிறுவன் சாமுவேல். காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பன்: இவை போதும். ஏழு வயதின் பின் யோசேப்பு, தாவீது, ரூத், தானியேல் ஆகியோர் வரலாறுகளைச் சொல்லலாம். கண் மங்கிய தந்தையை யாக்கோபு வஞ்சித்ததையும், தாவீது அரசன் செய்த பெரும் பிழையை நாத்தான் உவமை கூறி உணர்த்தியதையும், யோபுவின் துயரத்தையும் பன்னிரண்டு வயதளவில் வைத்துக்கொள்வதே நலம். நல்லோரும் பிழை செய்வர் என்பதைத் தாங்கும் வலிமை அப்பொழுதுதான் மனத்துக்கு வரும்.

ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட அழைத்துச் சென்ற கதையைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்வோர் பலர். பெரியோர் அக்கதையைத் தந்தையின் நிலையில் நின்று கேட்கின்றனர். பிள்ளையோ விறகு சுமந்து செல்லும் மகனின் நிலையில் நின்று கேட்கிறது. 'என் அப்பாவையும் கடவுள் கேட்பாரோ?' என்னும் அச்சம் அதற்கு இயல்பு. சைவப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் சிறுத்தொண்ட நாயனார் கதைக்கும் இது பொருந்தும். இவை ஆழ்ந்த கதைகள். ஆதலின் ஆழம் அறியும் வயதுவரை காத்திருக்கத் தக்கவை.

அச்சுறுத்துவதற்காகவே கதை சொல்வோரும் உளர். எலிசா தீர்க்கதரிசியின் மொட்டைத் தலையைப் பழித்த சிறுவரைக் கரடிகள் பீறிய கதை, குழப்படி செய்யும் பிள்ளைகளை அடக்க நல்ல ஆயுதம் என்று இவர்கள் எண்ணுகின்றனர். 'சாமி கண்ணைக் குத்தும்' என்று நம் வீடுகளிற் சொல்வதும் இவ்வினத்ததே. பயத்தால் அடங்கும் பிள்ளை, பயம் நீங்கியவுடன் கடவுளையும் நீக்கிவிடும்.

இனி நோவாவின் பேழைக்கு வருவோம். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் சோடி சோடியாக ஏறும் படத்தைக் கண்டு மகிழாத பாலர் இல்லை. ஆயினும் கூரிய பிள்ளை ஒன்று, 'பேழையில் ஏறாத பிள்ளைகளுக்கு என்ன நடந்தது?' என்று கேட்டுவிடும். நம் நாட்டிலே இது வெறும் வினாவன்று. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள், நத்தாருக்கு மறுநாளாகிய ஞாயிறு காலையிலே, கடல் எழுந்து வந்து இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கரையோரக் குடும்பங்கள் பல வேரற்றுப் போயின. அத்தகைய ஊரிலே, 'கெட்டவர்களை வெள்ளம் அழித்தது' என்று ஆசிரியர் கூறினால், முன்வரிசையில் இருக்கும் பிள்ளை அதனைத் தன் வீட்டாரைக் குறித்துச் சொன்னதாகவே கொள்ளும். அன்று பாலராயிருந்தோர் இன்று தம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வயதினர். அவர்கள் வீட்டில் இக்கதை எவ்வாறு கேட்கும் என்பதைச் சொல்வோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்கதையைச் சொல்லின், அது முடியுமிடத்தையும் சொல்லுக. இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்று கடவுள் உடன்படிக்கை செய்து, வானவில்லை அடையாளமாக வைத்தார் என்பதே அதன் முடிபு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மடிந்ததைக் குறித்து இயேசுநாதர் பேசியதையும் லூக்கா எழுதியுள்ளார். மடிந்தோர் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரினும் பெரும் பாவிகள் அல்லர் என்பதே அவர் கூறியதன் கருத்து. அதற்கு மேலும் பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால், 'எனக்கும் தெரியாது, பிள்ளை' என்று சொல்லத் தயங்க வேண்டா. பொய்யான விளக்கத்தினும் மெய்யான மௌனம் மேலானது.

தெரிந்தெடுத்த கதையை முழுமையாகச் சொல்லல் அடுத்த கடமை. யோனாவை மீன் விழுங்கியது யாவர்க்கும் தெரியும். ஆயின் நான்கு அதிகாரங்கள் கொண்ட அந்நூலிலே மீனுக்குரிய வசனங்கள் மூன்றே. நினிவே மக்கள் மனந்திருந்தியபோது, தன் பகைவர் பிழைத்துவிட்டனரே என்று யோனா சினந்தான் என்பதே கதையின் உயிர். வலக்கை இடக்கை அறியாத 120,000க்கும் மேற்பட்ட மாந்தரும் விலங்குகளும் உள்ள நகருக்கு நான் இரங்கலாகாதோ என்னும் கடவுளின் வினாவோடு நூல் முடிகிறது. விடை எழுதப்படவில்லை, அதனைப் பிள்ளை சொல்லட்டும்.

கெட்ட குமாரன் கதையும் அவ்வாறே. கதை தொடங்குமுன்னே தலைப்பு அவனைக் கெட்டவனாக்கிவிடுகிறது. நூறு ஆட்டில் ஒன்று, பத்துக் காசில் ஒன்று, இரு மக்களில் ஒருவன் என்று காணாமற்போன மூன்றினைப் பற்றி லூக்கா அடுத்தடுத்து உரைக்கிறார். இறுதியிலே மூத்த மகன் கோபித்து வாசலுக்கு வெளியே நிற்கிறான். தந்தை வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானோ? கதை கூறவில்லை. தம்பியோடு சண்டையிட்ட அண்ணன்மாருக்கு இவ்விடம் நன்றாய் விளங்கும்.

நல்ல சமாரியன் கதையில் நாம் இழந்துவிட்டது அதன் கூர்மையை. இன்று 'சமாரியன்' என்றால் உதவி செய்பவன் என்றே பிள்ளைகள் நினைக்கின்றனர். அக்கால யூதருக்கோ சமாரியர் தீண்டாத பகைவர். ஆதலின் பிள்ளையிடம், 'யாருக்கு உதவுவாய்?' என்று கேட்பதோடு நில்லாது, 'வழியிலே நீ அடிபட்டுக் கிடந்தால், யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க உனக்குக் கூச்சமாயிருக்கும்?' என்றும் கேளுங்கள். சாதியாலும் மொழியாலும் மதத்தாலும் பிரிந்து நெடுங்காலம் துன்புற்ற இந்நாட்டிலே இதற்கு வரும் விடை வீட்டாரையே நாணச் செய்யலாம். நாணினாலும் கேட்கத்தான் வேண்டும்.

இனிச் சொல்லும் முறை. நம் கோயில்களில் நடைபெறும் புராண படனத்திலே ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். மூலம் முன்னே, விளக்கம் பின்னே. இதுவே சிறந்த வழி. சொல்பவர் கதையை மூலத்திலே முழுமையாக வாசித்துத் தெளிந்து, பின்னர் நூலை மூடிவைத்துப் பிள்ளையின் முகம் பார்த்துச் சொல்லல் வேண்டும். பத்து நிமிடம் போதும்.

கதை நடந்த நிலத்தையும் காட்டுக. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதை ஏறக்குறைய 3,000 அடி தாழ்ந்து வறண்ட மலைகளிடையே செல்வது. தட்டையான யாழ்ப்பாணத்து மண்ணிலே வளரும் பிள்ளைக்கு இதனைச் சொன்னாலன்றிக் கள்வர் மறைந்திருந்தது விளங்காது. நம்மூரில் ஆட்டின் பின்னே மேய்ப்பவர் நடப்பார். இயேசுநாதரின் உவமையிலோ மேய்ப்பன் முன்னே செல்ல, ஆடுகள் அவன் குரலறிந்து பின்செல்லும். ரூத் கதிர் பொறுக்கிய செய்தி மட்டும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயலருகே வாழும் பிள்ளைக்கு விளக்கமின்றியே புரியும்.

பெயர்களிலும் சற்றுக் கவனம் தேவை. அம்மம்மா இராயப்பர், சின்னப்பர், சூசையப்பர் என்பார். பாடசாலைப் புத்தகமோ பேதுரு, பவுல், யோசேப்பு என்னும். இருவரும் ஒருவரே என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளை மயங்காது. அம்மம்மாவின் சொல்லைத் திருத்த வேண்டியதுமில்லை.

கதை முடிந்தவுடன், 'இதிலிருந்து என்ன படித்தாய்?' என்று சோதனை வைக்காதீர்கள். நல்ல விதையை விதைத்தவர் மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பதில்லை. பிள்ளை கேள்வி கேட்டால் செவி கொடுங்கள். கேளாது உறங்கிவிட்டால் போர்வையை இழுத்து மூடிவிடுங்கள். கதை தன் வேலையைத் தானே செய்யும்.