முன்னுரைக்குள் போன கடிதங்கள்

1905இல் லண்டனில் ஹைனமன் வெளியிட்ட ‘தி கோல்டன் த்ரெஷோல்ட்’ தொகுப்பைத் திறந்தால், சரோஜினி நாயுடுவின் கவிதைகளுக்கு முன்னால், முன்னுரை எழுதிய ஆங்கிலக் கவிஞர் ஆர்தர் சைமன்ஸ் நிற்கிறார். தாம் வற்புறுத்தியதால்தான் கவிதைகள் நூலாகின்றன என்று தொடங்கும் அவர், சரோஜினி எழுதிய கடிதங்களைப் பத்தி பத்தியாக எடுத்துக் கோக்கிறார். தந்தை அகோரநாத் சட்டோபாத்யாயா, ஹைதராபாத் இளமை, இத்தாலிப் பயணம், தான் உண்மையில் கவிஞர்தானா என்ற சந்தேகம் எல்லாம் அங்கே இருக்கின்றன. நம்பியவரிடம் ஓர் இளம்பெண் சொல்லிக்கொண்ட அந்தச் சந்தேகத்தைப் படித்துவிட்டுத்தான் வாசகர் முதல் கவிதைக்கே போக முடிகிறது. இது கவிஞருக்குச் செய்த நியாயமல்ல.

சரோஜினிக்கு முன்னுரை எழுதிய இன்னொருவர் ஆங்கில விமர்சகர் எட்மண்ட் காஸ். கல்கத்தாக் கவிஞர் தோரு தத்தை 1876இல் ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே.

ஹைதராபாத் நிஜாமின் உதவித்தொகையில் 1895இல் இங்கிலாந்து போன சரோஜினியின் கவிதைகளில் ஆங்கிலப் பறவைகள் பாடிக்கொண்டிருந்தன. அந்தக் கவிதைகளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு இந்தியாவை எழுதுமாறு காஸ் சொன்னார். 1912இல் வந்த ‘தி பேர்ட் ஆஃப் டைம்’ முன்னுரையில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார். சரோஜினி கேட்டுக்கொண்டார். முதல் நூலையே காஸுக்குக் காணிக்கையாக்கினார். பல்லக்குத் தூக்கிகளும் பாம்பாட்டிகளும் வளையல்காரர்களும் அவர் கவிதையில் அணிவகுத்தார்கள். ஆலோசனையில் அக்கறை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் லண்டன் பார்க்க விரும்பிய இந்தியாவும் அதோடு சேர்ந்தே வந்தது.

1917க்குப் பிறகு சரோஜினி உயிரோடு இருந்தவரை புதிய கவிதைத் தொகுப்பு வரவில்லை. ‘தி ஃபெதர் ஆஃப் த டான்’ 1961இல்தான், மகள் பத்மஜாவின் பதிப்பில் வெளியானது. கடிதம் எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. 1996இல் மகரந்த் பராஞ்சபே தொகுத்த அவரது கடிதங்களை டெல்லியின் ‘காளி ஃபார் விமன்’ வெளியிட்டது. ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் 1984இல் தொடங்கிய பெண்ணியப் பதிப்பகம் அது. குடும்பத்தாரிடமும் காந்தியிடமும் நேருவிடமும் கேலியும் கோபமும் சோர்வுமாகப் பேசும் சரோஜினியை அதில் யாருடைய முன்னுரைக்குள்ளும் தேட வேண்டியதில்லை.

இன்று தமிழ்ப் பெண் கவிஞர்களும் கடல் கடந்த பதிப்பாசிரியர்களோடு மின்னஞ்சலில் பேசுகிறார்கள். எந்த வரியை மாற்றச் சொன்னார்கள், எதற்குக் கவிஞர் இணங்கவில்லை என்பதெல்லாம் நம் இலக்கிய வரலாற்றுக்கு வேண்டியவை. ஒரு மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டால் அவை அழிந்துவிடக்கூடும். கவிஞர் சம்மதித்தால், கவிஞர், பதிப்பாசிரியர் இருவர் கடிதங்களையும் வெட்டாமல் வெளியிடச் சிற்றிதழ்கள் இப்போதே பக்கம் ஒதுக்க வேண்டும்.