ஏரிக்கரையில் தெரிவது ரகசியம் அல்ல

செயற்கைக்கோள்களின் பாதையைக் கணித்துப் பொதுவில் வெளியிடும் ஆர்வலர்கள் நாட்டின் பாதுகாப்போடு விளையாடுகிறார்கள் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. உளவுக் கோள் வரும் நேரம் தெரிந்தால் பகைவன் ஒளிந்துகொள்வான், இது அரசு பார்க்க வேண்டிய வேலை, இதனால் யாருக்கும் பயனில்லை என்பவை அதன் மூன்று வாதங்கள். நாட்டின் மீதுள்ள அக்கறையில் பிறந்தவைதாம்; ஆனால் மூன்றுமே நிற்கவில்லை.

முதல் வாதம், அங்கே ஒரு ரகசியம் இருப்பதாக எண்ணுகிறது. பொழுது சாய்ந்து சற்று நேரத்தில் பாகூர் ஏரிக்கரையில் நின்றால், நட்சத்திரம்போல் ஒரு புள்ளி சிமிட்டாமல் நகர்வதைக் காணலாம். கீழே இருட்டினாலும் 500 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறது. அது பட்டுத்தான் கோள் ஒளிர்கிறது. இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அது கடக்கும் நொடியை ஸ்டாப்வாட்சில் குறித்து, சில இரவுகள் அதையே தொடர்ந்தால் பாதை பிடிபட்டுவிடும். பைனாகுலர் வைத்திருப்பவருக்கு முடிவது, ராடார் வைத்திருக்கும் நாட்டுக்கு முடியாதா? 1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்காக நம் விஞ்ஞானிகள் அமெரிக்க உளவுக் கோள்கள் வரும் நேரத்தைக் கணக்கில் வைத்து இரவில்தான் வேலை பார்த்தார்கள். ராடார் இல்லாத ஆயுதக் குழுவுக்கு இது உதவாதா என்று கேட்கலாம். உதவக்கூடும். ஆனால் அவர்களுக்கும் அதே வானம்தான். எவரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள் என்று நம்பும் பாதுகாப்பு, பாதுகாப்பே அல்ல.

இரண்டாவது, அரசே பார்த்துக்கொள்ளட்டும் என்பது. 2019 மார்ச் 27 அன்று ‘மிஷன் சக்தி’ ஏவுகணைச் சோதனையில் நம் மைக்ரோசாட்-ஆர் கோள் தகர்க்கப்பட்டது. சிதறல்கள் 45 நாளில் எரிந்துவிடும் என்று பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் தலைவர் சொன்னார். நெதர்லாந்து ஆர்வலர் மார்கோ லாங்புரோக், வெளியான காணொளியையும் பொதுத் தரவுகளையும் வைத்துக் கணக்கிட்டு, பல துண்டுகள் வெகு உயரத்துக்கு வீசப்பட்டதைக் காட்டினார். ஓராண்டு கழிந்தும் சில சுற்றிக்கொண்டிருந்தன. அந்தத் துண்டுகள் எந்த நாட்டுக் கோள் என்று பார்த்து மோதுவதில்லை. அரசின் கணக்கைச் சரிபார்க்க வெளியில் ஆள் இருப்பது நாட்டுக்கும் நல்லது.

மூன்றாவது, பயனில்லை என்பது. 2018 ஜனவரியில் கனடாவின் ஸ்காட் டில்லி ஒரு ரகசியக் கோளைத் தேடினார். அவருக்குக் கிடைத்ததோ 2005இல் நாசா தொடர்பிழந்த ‘இமேஜ்’ ஆய்வுக் கோள்.

எல்லையும் உண்டு. கண்டதையும் கணித்ததையும் பிழையளவோடு சொல்வது அறிவியல். உள்ளிருந்து கசிந்ததையோ, களத்தில் நிற்கும் வீரர்களின் இருப்பிடத்தையோ சொல்வது காட்டிக்கொடுப்பது. அந்தக் கோட்டைத் தாண்டாதவரை, தன் தலைக்குமேல் ஓடுவது எதுவென்று அறியவும் சொல்லவும் வில்லியனூர் வயல்வரப்பில் நிற்பவருக்கும் உரிமை உண்டு.